முன் சீட்டில் ஒரு பை

என் அக்காவைக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்கு இஸ்திரிப் பிரிவில் வேலை. நாளெல்லாம் நீராவியில் நின்றுவிட்டு, சாயங்காலம் சங்கு ஊதியதும் அத்தனை பெண்களும் ஒரே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பஸ் நிற்பதற்கு முன்பே அக்கா தன் பையை ஜன்னல் வழியாக எறிவாள். குறி தப்பியதே இல்லை. பை நேராகப் போய் சீட்டில் உட்காரும். அப்புறம் இவள் கூட்டத்தில் நசுங்கி, இரண்டு பேர் காலை மிதித்து, மூன்று பேரிடம் திட்டு வாங்கி உள்ளே வந்து சேரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்.

சீட்டில் பை இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பஸ்ஸில் அதுதான் சட்டம். எவரும் எழுதி வைக்கவில்லை, எவரும் மீறவும் இல்லை. அக்கா தனக்கு மட்டும் இடம் பிடித்தாள் என்றும் சொல்ல முடியாது. பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால், காய்ச்சலோடு யாராவது வந்தால், பை பிடித்த இடத்தில் அவர்களை உட்கார வைத்துவிட்டு இவள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவாள். பைக்குள் என்ன இருந்தாலும் எறிவாள். ஒரு ஊசிகூட அதிலிருந்து காணாமல் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனதும் உண்டு.

அந்தச் சட்டத்தை மீறியவர் ஒரே ஒருவர். ஸ்டோரில் பட்டனும் நூலும் எடுத்துக் கொடுக்கப் புதிதாகச் சேர்ந்தவர். ஒரு நாள் அக்காவின் பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் சுகமாக உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மனிதர், "பஸ்ஸு குலுங்குதுங்க. பை கீழ விழுந்துடக் கூடாதேன்னு புடிச்சிட்டு இருக்கேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அடுத்த வருஷம் அவர் எனக்கு அத்தான் ஆனார்.

அத்தானுக்குச் சத்தமாகப் பேச வராது. எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்பார். கையில் கத்தி வெட்டி ரத்தம் சொட்டும்போதும் ஒண்ணுமில்லதான். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் குடும்பம் நடத்திவிட முடியும் என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, உடம்பெல்லாம் வியர்வை. அப்போதும் ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார் என்றார். நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு சின்ன பாட்டிலில் மாத்திரை கொடுத்தார்.

அன்றைக்குப் பிடித்த பயம் அக்காவை விடவே இல்லை. ஓடுகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவள், வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் ஓடி வந்தாள். அவர் குளியலறையில் இருந்தால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள், பதில் வருகிறதா என்று பார்க்க. தூங்கும்போதுகூட ஒரு கை அவர் நெஞ்சின் மேல்தான். மாத்திரை பாட்டிலை அவரிடம் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். ஒன்றை அவர் சட்டைப்பையிலும் வை என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "மூக்குக் கண்ணாடியையே மூணு தடவ தொலைச்ச மனுஷன். என் பையில இருந்தா என் கண்ணுல இருக்கும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவர்களைத்தான் அக்கா மகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. அப்பா ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டரும் சரி என்றார். துணைக்கு நான். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் என்பதால் எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று இரண்டு பேரும் நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அந்த ஊரில் சுற்றிப் பார்ப்பதற்கென்றே பஸ்கள் ஓடின. இரட்டை மாடி, மேல்மாடிக்குக் கூரை கிடையாது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் எங்களை ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டு, "சித்தி, எங்க வேணாலும் இறங்கிப் பாக்கலாம். அந்த பஸ் நிக்காது, பின்னாடி வர்றதுல ஏறிக்கணும். ஒரே டிக்கெட்தான்" என்று என்னிடம் விளக்கினாள். எனக்குப் புரிந்தது. அக்கா அப்போது அத்தான் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழவே இல்லை.

பஸ் வந்ததும் அக்காவுக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. படியில் தடதடவென்று ஏறி, மேல்மாடியில் முதல் வரிசையைப் பிடித்துவிட்டாள். முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, காற்று அடிக்காமல் கண்ணாடித் தடுப்பு இருந்தது. அவர் நிற்கக் கூடாது, அலையக் கூடாது, காற்றில் நடுங்கக் கூடாது. அந்த சீட்டைவிட்டால் அவருக்கு ஏற்ற சீட்டு அந்த பஸ்ஸிலேயே இல்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

கைடு ஒரு இளைஞன். மைக்கைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகப் பேசினான். எனக்குப் பாதி புரிந்தது, புரிந்த பாதி எல்லாம் கொலை. இந்த மைதானத்தில்தான் தலையை வெட்டினார்கள், இந்தப் பாலத்துக்கு அடியில்தான் மூழ்கடித்தார்கள், இந்த அரண்மனையில் ராஜாவின் தம்பிக்கு விஷம் வைத்தார்கள். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அக்காவின் முகம் சுருங்கியது. இந்த ஊரில் ஒருத்தர்கூட நோயில் சாகவில்லையா என்று அத்தான் கேட்டார். அவர் ஜோக்கடித்ததும் அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. எல்லோரும் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு திரும்ப ஏறினார்கள். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. இந்த பஸ்ஸும் டீக்கு நிறுத்துகிற நம்ம ஊர் பஸ் மாதிரிதான், இறங்கிப் போனால் திரும்பி வரும்வரை நிற்கும் என்று அக்கா மனதில் எழுதிக்கொண்டுவிட்டாள்.

அடுத்து பழைய சிறைக்கோட்டை. பெரிய பெரிய கருங்கல் சுவர், சுற்றிலும் அகழி, அதன் மேல் மரப்பாலம். அத்தான் இறங்கிப் பார்க்கலாம் என்றார். அவர் ஒன்றை விரும்பிக் கேட்பதே அபூர்வம் என்பதால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் படியிறங்கினேன். அக்கா பின்னால் வந்தாள். வருகிறவள் பையோடு வருகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

மரப்பாலத்தைத் தாண்டி, ஏற்றமான கல்பாதையில் வாசல்வரை நடந்தோம். அத்தான் இரண்டு இடத்தில் நின்றார். சுவரைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். உள்ளே ஒரு கைதி அறையின் கம்பிக்கதவு தெரிந்தது. ஆள் குனிந்துதான் போக முடியும், அவ்வளவு தாழ்வு. அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்கா திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பாலத்தை நோக்கி ஓடினாள். அவள் தோளில் பை இல்லாததை அப்போதுதான் நான் பார்த்தேன். 

அவள் ஸ்டாப்பை அடைவதற்குள் பஸ் திரும்பிப் போய்விட்டது. நான் அத்தானை மெதுவாக நடத்திக் கொண்டுவந்து அங்கிருந்த கல் பெஞ்சில் உட்கார வைத்தேன். அதே நிறத்தில், அதே படம் வரைந்த இன்னொரு பஸ் வந்து நின்றது. அக்கா ஒரே மூச்சில் மேலே ஏறினாள். முதல் வரிசை காலியாக இருந்தது. பையைக் காணோம் என்று சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறாள். இறங்கி வந்து, "யாரோ எடுத்துட்டாங்கடி" என்றாள். பஸ் வேறு என்று நான் சொன்னதும் அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கோபத்தில் கத்திவிட்டேன். யாராவது பாஸ்போர்ட்டை சீட்டில் வைத்துவிட்டு இறங்குவார்களா என்று கேட்டேன். அவள் பாஸ்போர்ட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. "அவரு மாத்திரை" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாமே அதில்தான் இருந்தது. மூன்று பேர் பாஸ்போர்ட், அவர்கள் இரண்டு பேர் போன், மகளின் விலாசம், மாத்திரை. என் போன் மகள் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். அந்த ஸ்டாப்பில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு டிக்கெட் விற்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் போய் என் இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வாக்கிடாக்கியில் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பதில் வந்தது. என்னிடம் பை என்ன நிறம் என்று கேட்டார். பழுப்பு என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார், வேறு என்ன இருக்கிறது என்று. கேட்டுக்கொண்டே எங்களிடமிருந்து இரண்டு எட்டு பின்னால் போனார்.

அவர் பின்னால் நகர்ந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது இதுதான்: ஆள் இல்லாத பையை மேல்மாடியில் பார்த்து யாரோ கைடிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி ஓடச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் வந்துவிட்டது. சீட்டில் பை இருந்தால் ஆள் இருக்கிறது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அந்த ஊரில் ஆள் இல்லாமல் பை இருந்தால் அதற்குள் குண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கேயோ சைரன் ஊளையிட்டது. ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனது. பையை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஜாக்கெட்காரர் சங்கடத்தோடு விரல்களைக் குவித்து, மெதுவாக விரித்துக் காட்டினார். வெடிக்க வைத்துவிடுவார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அக்காவும் பார்த்துவிட்டாள்.

அப்போது அத்தானின் இடது கை நெஞ்சுக்குப் போனது.

மஃப்ளரைச் சரி செய்கிறவர் மாதிரி கட்டை விரலால் நடு நெஞ்சை அழுத்தினார். நெற்றியில் வியர்வை. குளிர்காற்றில் நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம், அவருக்கு வியர்த்தது. அக்கா அவர் முன்னால் மண்டி போட்டு, வலிக்கிறதா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

ஆம்புலன்ஸ் என்று நான் ஜாக்கெட்காரரிடம் கெஞ்சினேன். அவர் உடனே பேசினார். பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் ஆற்றுப் பாலத்து ரோட்டை அடைத்திருக்கிறார்கள், சுற்றித்தான் வர வேண்டும் என்று. எதனால் அடைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பையால்தான். அவரைக் காப்பாற்றுகிற மாத்திரை அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அவரைக் காப்பாற்ற வருகிற வண்டியை மறித்துக்கொண்டிருந்தது. 

நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா எழுந்தாள். அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ இவரப் பாத்துக்க. நான் ஓடிப் போயி எடுத்துட்டு வந்துடறேன்."

"அக்கா, வெடிக்க வைக்கப் போறாங்க. போலீஸ் உன்ன சுட்டாலும் சுட்டுடுவாங்க."

"சுடட்டும்."

அவள் சொன்னது சும்மா இல்லை என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஜாக்கெட்காரர் குறுக்கே கையை நீட்டினார். அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து நுழைந்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் எத்தனையோ கைகளுக்குக் கீழே நுழைந்தவள், இந்த ஒரு கையா அவளை நிறுத்தும்? வெறுங்காலோடு சைரன் சத்தம் வந்த திசையில் ஓட ஆரம்பித்தாள். நான் யாரைப் பிடிப்பது? ஒரு கை அத்தானின் தோளில், வாயில் அக்கா, அக்கா என்ற கூப்பாடு.

"இந்தா, நில்லு."

அத்தான் கூப்பிட்டார். அவ்வளவு சத்தமாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா நின்றுவிட்டாள்.

"அங்க போகாத. இங்கயே இருக்கு."

ஸ்வெட்டருக்கு உள்ளே கையை விட்டு, சட்டையின் உள்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அவரால் மூடியைத் திறக்க முடியவில்லை. அக்கா ஓடி வந்து பிடுங்கித் திறந்து, ஒரு மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்தாள். அப்புறம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் இருக்கிற தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். அவர் சாம்பல் பூத்த முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. கட்டை விரல் நெஞ்சிலிருந்து இறங்கியது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான் சொன்னபடி சட்டைப்பையில் ஒன்று வைத்திருக்கிறாரே, கெட்டிக்கார அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. அவள் அந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

அவள் பையில் இருந்த பாட்டிலில் இருந்து ஒரு மாத்திரைகூடக் குறைந்ததில்லை. அந்த ஒரு வருஷமும் அவள் அதை வைத்துத்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில் நிறைந்திருக்கிறது, அப்படியென்றால் அவருக்கு வலி வரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். மகள் ஓடி வந்து எங்களைத் திட்டிக்கொண்டே அழுதாள். பையை வெடிக்க வைக்கவில்லை. நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு போலீஸ்காரி கண்ணாடிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இனி இப்படி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். அக்கா பையை வாங்கி, உள்ளே பார்க்காமலே காலடியில் வைத்தாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் அவரிடம் கேட்டாள்.

"எத்தனை தடவ வந்துச்சு?"

"எண்ணலயே."

"எங்க வாங்குனீங்க?"

கம்பெனிக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் வாங்கியதாகச் சொன்னார். கடைக்காரரிடம் வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டே."

"இப்ப மட்டும் தூங்குறனா?"

 அத்தான் ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, அந்தப் பெஞ்சிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். "இவ பாட்டுக்கு ஓடவும்தான் எடுத்தேன்."

ஊர் திரும்பியாகிவிட்டது. அவர் சட்டைப்பையிலும் அக்கா பையிலும் ஆளுக்கொரு பாட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அக்கா அவருடைய பாட்டிலைக் கொட்டிப் பார்க்கிறாள், குறைந்திருந்தால் எப்போது என்று கேட்கிறாள், அவரும் இப்போது மறைக்காமல் சொல்கிறார். சொன்ன பிறகு அவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணித் திரும்பப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிற நாட்களில் மூன்று பேரும் பஸ்ஸில்தான் போகிறோம். ஜன்னலக்கா இன்னமும் இடம் பிடிக்கிறாள், ஆனால் பையை எறிவதில்லை. தானே முண்டியடித்து ஏறி ஓரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்கிறாள். யாராவது வந்து கேட்டால், ஆள் வருது என்கிறாள். கீழே நான் அத்தானைக் கைத்தாங்கலாக ஏற்றுவேன். அவர் ஒரு படி ஏறி நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், அந்தக் கை காலி சீட்டை இறுக்கிப் பிடிப்பது எனக்குக் கீழேயிருந்தே தெரியும்.